இன்ஹெரிட்டன்ஸ் காத்திருக்கட்டும்: கணினிப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் கணினி அறிவியல் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் உறுப்பினர்களுக்கும், ஊப்ஸ் (ஆப்ஜெக்ட் அடிப்படையிலான நிரலாக்கம்) தாள் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது ஊப்ஸ் தாளில் இரண்டு மாற்றங்களைச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல். இன்ஹெரிட்டன்ஸை (கிளாஸ் என்ற ஒரு வார்ப்பிலிருந்து இன்னொரு கிளாஸை வருவிப்பதை) செமஸ்டரின் பின்பாதிக்குத் தள்ளிவையுங்கள். தேர்வில் வரையறை கேட்பதைக் குறைத்து, ஓடும் நிரலில் ஒரு ஆப்ஜெக்ட்டின் (கிளாஸிலிருந்து உருவாகும் பொருளின்) நிலை, அதாவது அது வைத்திருக்கும் மதிப்புகள், வரிக்கு வரி எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் புதுக் கணினியோ கூடுதல் நிதியோ வேண்டாம். பாட வரிசையும் வினாத்தாளும் மாறினால் போதும்.

வகுப்பில் வந்து உட்காரும் மாணவர்கள் ஒரே தயாரிப்போடு வருவதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++ வழியாகவும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வழியாகவும் கிளாஸ், ஆப்ஜெக்ட் பற்றிப் படித்திருப்பார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் உயிரியல் பிரிவில் படித்து, ஒரு வரி நிரலும் எழுதாமல் வந்திருப்பார். இரு தரப்புக்கும் முதல் வாரத்தில் கிடைப்பது ஒன்றுதான்: என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்‌ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் என்ற நான்கு சொற்களும் அவற்றின் வரையறைகளும். செமஸ்டர் முடியும்போது அந்த நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். காலி எடிட்டரைத் திறந்து கொடுத்து, ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கி, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது என்று ஓட்டிக் காட்டச் சொன்னால் பலர் திணறிவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. அதை அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

பெரிய காரணம் எடுத்துக்காட்டு. விலங்கு என்று ஒரு கிளாஸ். அதன் கீழே நாய், பூனை. நாய் 'லொள்' என்று அச்சிடும், பூனை 'மியாவ்' என்று அச்சிடும். இந்த நிரல் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எதுவும் மாறுவதில்லை. மீறக்கூடாத விதி என்று ஒன்றுகூட அதில் கிடையாது. இரண்டு பிரிண்ட் வரிகளில் முடிகிற வேலைக்கு மூன்று கிளாஸ் எதற்கு என்று மாணவருக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே நாம் இன்ஹெரிட்டன்ஸின் ஐந்து வகைகளை வரைபடத்தோடு நடத்தப் போய்விடுகிறோம்.

ஆப்ஜெக்ட் என்ற எண்ணம் வந்த வழியும் வேறு வரிசையைத்தான் காட்டுகிறது. 1960களில் ஆஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியது, வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்கள் போன்ற நிஜ அமைப்புகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக. ஒரே மாதிரியான பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த நிலை: முதலில் வந்த தேவை இதுதான். இவற்றில் பொதுவாக இருப்பதைப் பிரித்து மேலே வைக்கும் சப்கிளாஸ் யோசனை அதற்குப் பிறகு, சிமுலா 67இல் வந்தது. அந்த மொழியைப் பயன்படுத்திப் பார்த்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழிக்குள் கிளாஸைக் கொண்டுவர, பின்னாளில் அது சி++ ஆனது. சிமுலாவை உருவாக்கியவர்களுக்கே இரண்டாவதாகத் தேவைப்பட்ட ஒன்றைப் பதினெட்டு வயதில் புதிதாகப் படிப்பவருக்கு முதலில் கொடுப்பது முறையல்ல.

சரி, முதலில் எதைக் கொடுக்கலாம்? ஈபி மீட்டரைக் கொடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. எல்லா வீட்டிலும் இருக்கிறது. ரீடிங் என்றால் என்ன, யூனிட் எப்படி வருகிறது என்று மாணவருக்கு விளக்கத் தேவையில்லை. அதற்கு நிலை இருக்கிறது. அந்த நிலைக்கு ஒரு விதியும் இருக்கிறது. ரீடிங் ஏறலாம், இறங்கக் கூடாது.

கிளாஸ் என்ற சொல்லை எடுக்கும் முன்பு ஒரு லேப் முழுக்க, பெயரும் (கீ) மதிப்புமாக விவரங்களை வைக்கும் பைத்தானின் டிக்‌ஷனரியிலேயே எழுத விடுங்கள். மூன்று வீடுகளுக்கு மூன்று டிக்‌ஷனரி. ஒவ்வொன்றிலும் 'முந்தையது', 'இப்போதையது' என்று இரண்டு விவரம். யூனிட்டைக் கணக்கிட ஒரு ஃபங்ஷன். நன்றாகவே ஓடும். அப்புறம் அதை உடைக்கச் சொல்லுங்கள். நிரலின் எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும் ஒருவர் 'இப்போதையது' என்பதில் 0 போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். 'இப்போதயது' என்று எழுத்துப்பிழையோடு மதிப்பு கொடுத்தால் பைத்தான் முணுமுணுக்காமல் புதிய கீ ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழைய மதிப்பு அப்படியே கிடக்க, பில் தப்பாக வரும். ரீடிங் இறங்கக் கூடாது என்ற சோதனையை ஐந்து இடங்களில் எழுத வேண்டியிருக்கும், ஆறாவது இடத்தில் மறந்துபோகும். இந்தத் தொல்லையை ஒரு மணி நேரம் அனுபவித்த மாணவருக்கு கிளாஸ் ஏன் வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

இப்போது மீட்டர் கிளாஸ். உள்ளே இரண்டே விவரங்கள், முந்தைய ரீடிங்கும் இப்போதைய ரீடிங்கும். இரண்டே மெத்தட்கள் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்கள்): 'பதிவுசெய்' புதிய ரீடிங்கை வாங்கிக்கொள்ளும், 'யூனிட்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும். கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) தொடக்க ரீடிங்கை வாங்கி இரண்டு விவரத்திலும் அதையே வைக்கும். 'பதிவுசெய்' மெத்தட்டுக்குள் மூன்று வேலை: புதியது இப்போதையதை விடக் குறைவாக இருந்தால் பிழை எழுப்பு, இப்போதையதை முந்தையதில் வை, புதியதை இப்போதையதில் வை. அவ்வளவுதான். ஓட்டினால் நிலை இப்படி நகரும்:

உருவானதும்: முந்தையது 4210, இப்போதையது 4210, யூனிட் 0
4475 பதிவுசெய்ததும்: முந்தையது 4210, இப்போதையது 4475, யூனிட் 265
4000 பதிவுசெய்ய முயன்றதும்: பிழை, முந்தையது 4210, இப்போதையது 4475, யூனிட் 265

மூன்றாவது வரியில்தான் பாடமே இருக்கிறது. பிழை வந்த பிறகும் ஆப்ஜெக்ட் பழைய நல்ல நிலையிலேயே நிற்கிறது. அந்த மூன்று வேலைகளின் வரிசையை மாணவர் கையாலேயே மாற்றிப் பார்க்கட்டும். கடைசி இரண்டையும் இடம் மாற்றினால் 4475 இரண்டு விவரத்திலும் போய் உட்கார்ந்துவிடும், யூனிட் 0 என்று வரும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, நிரலுக்குக் கேடு. சோதனையைக் கடைசிக்குத் தள்ளினால் இன்னும் மோசம். 4000 பதிந்தால் பிழையே எழும்பாது, ஏனென்றால் சோதனைக்கு வருவதற்குள் முந்தையது 4475, இப்போதையது 4000 என்று ஆகியிருக்கும், யூனிட் கேட்டால் மைனஸ் 475 வரும். சோதனை முதலில், மாற்றம் பிறகு என்ற ஒழுக்கம் இந்த ஒரே ஓட்டத்தில் புரிந்துவிடுகிறது. வரையறையாக எழுதிப்போட்டால் இது மனதில் நிற்காது.

இதே லேப்பில் இன்னொரு கேள்வியையும் வையுங்கள். பழைய சக்கர மீட்டரில் ஐந்தே இலக்கம். 99999க்கு அடுத்து 00000. ரீடிங் 99950இலிருந்து 00030க்கு வந்தால் ஓடியது 80 யூனிட், ஆனால் நம் விதி அதைப் பிழை என்று தள்ளிவிடும். எங்கே மாற்ற வேண்டும்? மீட்டர் கிளாஸுக்குள் மட்டும். மீட்டரைப் பயன்படுத்தும் பில் நிரலோ பட்டியல் நிரலோ ஒரு வரிகூட மாறாது. என்கேப்சுலேஷன் என்ற சொல்லை இந்த இடத்தில் கரும்பலகையில் எழுதுங்கள். அதற்கு முன்பு வேண்டாம்.

விவரத்தைப் படித்துத் தரும் கெட்டர், அதை மாற்றும் செட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். விவரத்தை பிரைவேட் (வெளியிலிருந்து தொட முடியாதது) ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டரும் ஒரு செட்டரும் எழுதினால் என்கேப்சுலேஷன் வந்துவிட்டது என்று பல ரெக்கார்டு நோட்டுகள் நினைக்கின்றன. வரவில்லை. ரீடிங்குக்கு ஒரு செட்டர் வைத்தால் யார் வேண்டுமானாலும் அதை அழைத்து 0 போடலாம். பூட்டு போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே விட்ட மாதிரி. மீட்டருக்குத் தேவை 'பதிவுசெய்'தான். அது வெளியுலகம் கேட்கும் வேலையின் பெயர், விதி அதற்குள் இருக்கிறது.

தொடக்கத்தில் மாணவர் சிக்கிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் ஒன்றுதான். காரணத்தோடு சொல்லிக்கொடுத்தால் ஒரு தடவையோடு போய்விடும். பைத்தானில் மெத்தட் எழுதும்போது முதல் பேராமீட்டராக செல்ஃப் போட மறப்பார்கள். அழைத்தால், இந்த மெத்தட் 0 ஆர்க்யுமென்ட்தான் ஏற்கும், 1 வந்திருக்கிறது என்று பிழை வரும். நான் ஒன்றும் அனுப்பவில்லையே என்று மாணவர் குழம்புவார். மீட்டருக்குப் பின் புள்ளி வைத்து மெத்தட்டை அழைத்தால், பைத்தான் அந்த மீட்டரையே முதல் ஆர்க்யுமென்ட்டாக உள்ளே அனுப்புகிறது. அந்த ஒன்று அதுதான். இதைச் சொல்லிவிட்டு, கிளாஸின் பெயர் வழியாக மெத்தட்டை அழைத்து மீட்டரைக் கையால் அனுப்பியும் ஒரு முறை காட்டுங்கள். இரண்டும் ஒரே பலனைத் தரும். அதன்பிறகு செல்ஃப் என்பதில் மர்மம் இல்லை.

கன்ஸ்ட்ரக்டருக்குள் செல்ஃப் புள்ளி போடாமல் வெறும் 'இப்போதையது' என்று எழுதினால் அது உள்ளூர் மாறி, கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும் காணாமல் போய்விடும். பிழை அங்கே காட்டாது. பல வரிகள் தள்ளி, யூனிட் கேட்கும்போதுதான் இந்த ஆப்ஜெக்ட்டில் அப்படியொரு விவரம் இல்லை என்று வரும். பிழை காட்டும் வரி ஒன்று, பிழை இருக்கும் வரி வேறு என்று பழக இது நல்ல இடம். பைத்தானில் கன்ஸ்ட்ரக்டரின் பெயரான இனிட் என்பதன் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு வேண்டும். ஒவ்வொன்றே போட்டாலோ இன்ட் என்று தட்டினாலோ பைத்தான் அதைக் கன்ஸ்ட்ரக்டராக எடுத்துக்கொள்ளாது. 4210 கொடுத்து மீட்டரை உருவாக்கினால், மீட்டர் எந்த ஆர்க்யுமென்ட்டும் ஏற்காது என்று வரும். 'யூனிட்' மெத்தட்டை அடைப்புக்குறி இல்லாமல் பிரிண்ட் செய்தால் 265க்குப் பதில் மெத்தட்டின் விவரமும் நினைவக முகவரியும் அச்சாகும்.

இவற்றை எல்லாம் விடக் கொடியது ஒன்று உண்டு, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. மீட்டருக்குப் பழைய ரீடிங்குகளின் வரலாறு வேண்டும் என்று ஒரு லிஸ்ட் சேர்ப்பார்கள். அந்தக் காலி லிஸ்டை கன்ஸ்ட்ரக்டருக்குள் வைக்காமல் கிளாஸ் வரிக்கு நேர் கீழே வைப்பார்கள். ஒரு மீட்டரை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டாவது மீட்டரை உருவாக்கி, அதில் எதையும் பதியாமல் வரலாற்றைக் கேட்டால், முதல் வீட்டின் 4475 அங்கேயும் இருக்கும். லிஸ்ட் கிளாஸிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு ஆப்ஜெக்ட்டும் தங்களிடம் வரலாறு இல்லாததால் மேலே கிளாஸிடம் தேடிப்போய் அதே லிஸ்டைப் பிடிக்கின்றன. மாணவர் உடனே கேட்பார்: இதே இடத்தில் எண்ணிக்கை என்று 0 வைத்தேனே, அது மட்டும் ஏன் கலக்கவில்லை? செல்ஃப் புள்ளி எண்ணிக்கையில் 1 கூட்டும்போது பைத்தான் கிளாஸிலிருந்து 0ஐப் படிக்கிறது, ஆனால் 1ஐ அந்த ஆப்ஜெக்ட்டில் புதிதாக எழுதுகிறது. லிஸ்டின் கடைசியில் அப்பெண்ட் செய்து சேர்க்கும்போது ஆப்ஜெக்ட்டில் புதிதாக எதுவும் எழுதப்படுவதில்லை, இருக்கும் லிஸ்டே உள்ளுக்குள் மாறுகிறது. கன்ஸ்ட்ரக்டரின் பேராமீட்டருக்கு டீஃபால்ட்டாகக் காலி லிஸ்ட் கொடுத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் அந்த டீஃபால்ட் மதிப்பு ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை உருவாகிறது. இந்த ஒரு பிழையை இரண்டு பெட்டியும் ஒரு லிஸ்டும் அம்புக்குறியுமாகக் காகிதத்தில் வரையத் தெரிந்த மாணவருக்கு ரெஃபரன்ஸ் (மாறி ஆப்ஜெக்ட்டைச் சுட்டுவது) புரிந்துவிட்டது என்று நம்பலாம்.

வரைவதைக் கட்டாயமாக்குங்கள். கிளாஸுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தனிப் பெட்டி, மாறியிலிருந்து பெட்டிக்கு அம்பு. இரண்டாவது மாறிக்கு முதல் மாறியை அப்படியே கொடுத்தால் இரண்டாவது பெட்டி வராது, இரண்டாவது அம்புதான் வரும் என்று கை வரைந்து பழகட்டும். காகிதத்தில் வரைந்ததை பைத்தான் டியூட்டர் என்ற இலவச இணையக் கருவியில் ஒட்டி, ஒவ்வொரு வரியாக நகர்த்திச் சரிபார்க்கலாம். ஜாவா நடத்துபவர்களுக்கு ப்ளூஜே இருக்கிறது. மைக்கேல் கோலிங் முதலானோர் கற்பித்தலுக்காகவே உருவாக்கிய அந்த எடிட்டரில், நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயின் எழுதாமலே ஒரு கிளாஸை வலது கிளிக் செய்து ஆப்ஜெக்ட் உருவாக்கலாம், அதன் மெத்தட்டை அழைக்கலாம், உள்ளே உள்ள நிலையைத் திறந்து பார்க்கலாம். முதல் நான்கு வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நாங்கள் அறியவில்லை.

ஜாவாவில் மெயின் விஷயம் சின்னதல்ல. மெயின் ஸ்டாட்டிக், அதாவது தனி ஆப்ஜெக்ட்டுக்கு அல்ல, கிளாஸுக்கே உரியது. அதற்குள்ளிருந்து அதே கிளாஸின் சாதாரண மெத்தட்டை நேரடியாக அழைத்தால், ஸ்டாட்டிக் சூழலிலிருந்து ஸ்டாட்டிக் அல்லாததைக் குறிப்பிட முடியாது என்று கம்பைலர் நிறுத்தும். மாணவர் என்ன செய்வார்? பிழை சொல்லும் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா மெத்தட்டுக்கும் ஸ்டாட்டிக் போடுவார், பிறகு எல்லா விவரத்துக்கும். நிரல் ஓடும், ஊப்ஸ் செத்துவிடும். எத்தனை மீட்டர் உருவாக்கினாலும் ரீடிங் ஒன்றுதான் இருக்கும். மெயினுக்குள் ஒரு ஆப்ஜெக்ட்டை உருவாக்கி அதன் வழியாக அழை என்பதுதான் சரியான மருந்து. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இல், ஸ்டாட்டிக்கும் கிளாஸ் அறிவிப்பும் இல்லாமலே சிறிய மெயின் எழுத அனுமதி வந்துவிட்டது. புதியவர்களுக்கு முதல் நாளிலேயே புரியாத ஐந்து சொற்களைத் தட்டச்சு செய்யச் சொல்லும் தேவை போய்விட்டது. லேப்பில் பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இதற்காகவே மாற்றலாம்.

கன்ஸ்ட்ரக்டரின் பேராமீட்டருக்கும் விவரத்துக்கும் ஒரே பெயர் வைத்து, திஸ் (ஜாவாவின் செல்ஃப்) போடாமல் 'ரீடிங் சமம் ரீடிங்' என்று எழுதினால் ஜாவா அதையும் கம்பைல் செய்துவிடும். பேராமீட்டர் தன்னையே தனக்குக் கொடுத்துக்கொள்ளும், விவரம் 0ஆகவே நிற்கும். பத்து மீட்டருக்கு அர்ரே உருவாக்கினால் பத்து மீட்டர் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். வந்தது பத்துக் காலி இடம், எல்லாவற்றிலும் 'நல்' (எதையும் சுட்டாத மதிப்பு). முதல் அழைப்பிலேயே நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன்.

சி++ நடத்துபவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். 1990களின் தொடக்கத்து டர்போ சி++ கம்பைலரை, பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் உயிரோடு வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். மொழியின் முதல் ஐஎஸ்ஓ தரம் 1998இல் வந்தது. டர்போ அதற்கு முந்தியது. அதில் தரமான ஸ்ட்ரிங் கிடையாது, வெக்டர் கிடையாது, நேம்ஸ்பேஸ் கிடையாது. புள்ளி எச் போட்ட ஐஓஸ்ட்ரீம், வாய்ட் மெயின், திரையைத் துடைக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆர் என்று மாணவர் பழகும் முதல் மூன்று வரிகளையும் இன்றைய ஜி++ கம்பைலர் ஏற்காது. பணம் செலவில்லாமல் ஜி++ கிடைக்கும்போது, வேலைக்குப் போன முதல் நாளில் மறக்க வேண்டியதை மூன்று வருடம் கற்றுக்கொடுக்க என்ன அவசியம்? எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும் விருப்பத்தோடு கம்பைல் செய்யச் சொல்லுங்கள், பாதிப் பிழையை அதுவே பிடித்துக் கொடுக்கும். கிளாஸின் இறுதி அடைப்புக்குப் பின் அரைப்புள்ளி விடுபடுவது, காலி அடைப்புக்குறியோடு ஆப்ஜெக்ட் அறிவிக்கப்போய் அது ஃபங்ஷன் அறிவிப்பாகிவிடுவது போன்றவற்றை ஒரு பக்கத்தில் தொகுத்து லேப் சுவரில் ஒட்டலாம்.

இனி இன்ஹெரிட்டன்ஸ். மீட்டர் கிளாஸ் நன்றாக ஓடும் நிலையில் பில் கணக்கிடச் சொல்லுங்கள். பயிற்சிக்காக ஒரு கட்டணம் வைத்துக்கொள்வோம்: வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட்டுக்கு 5 ரூபாய், கடைக்கு எல்லா யூனிட்டுக்கும் 8 ரூபாய். அதே 265 யூனிட்டுக்கு வீட்டு பில் 825 ரூபாய், கடை பில் 2120 ரூபாய். முதல் வாரத்து நான்கு சொற்களைப் படித்த மாணவர் நேராக வீட்டுமீட்டர், கடைமீட்டர் என்று இரண்டு சப்கிளாஸ் எழுதுவார். எழுதட்டும், தடுக்க வேண்டாம். பிறகு கேளுங்கள்: சிங்கிள் ஃபேஸ், த்ரீ ஃபேஸ் இரண்டும் இருக்கிறதே? நான்கு சப்கிளாஸ் ஆகும். மாடியில் சோலார் வைத்தவர், வைக்காதவர்? எட்டு. வீட்டின் முன்பகுதியைக் கடையாக்கி, கட்டண வகையை மாற்றித்தரக் கேட்டு ஒருவர் விண்ணப்பிக்கிறார். சுவரில் இருக்கும் மீட்டர் அதேதான், கட்டணம்தான் மாறுகிறது. உருவாகிவிட்ட வீட்டுமீட்டர் ஆப்ஜெக்ட்டை ஜாவாவிலோ சி++இலோ கடைமீட்டராக மாற்ற வழியில்லை. புதிதாக ஒன்று செய்து பழைய ரீடிங்குகளை எல்லாம் நகலெடுக்க வேண்டும்.

மீட்டர் என்பது ஒரு பொருள், கட்டணமுறை என்பது வேறு பொருள். வீட்டுக்கட்டணம், கடைக்கட்டணம் என்று இரண்டு சிறிய கிளாஸ். இரண்டிலும் யூனிட்டை வாங்கி ரூபாயைத் தரும் 'கணக்கிடு' என்ற ஒரே பெயருள்ள மெத்தட். இணைப்பு என்ற ஆப்ஜெக்ட் ஒரு மீட்டரையும் ஒரு கட்டணமுறையையும் தன்னிடம் வைத்திருக்கும். வகை மாறினால் கட்டணமுறையை மட்டும் மாற்றி வைத்தால் முடிந்தது. நாளைக்கு விசைத்தறிக் கட்டணம் வந்தால் ஒரு புதிய கிளாஸ் எழுதினால் போதும், மீட்டரில் ஒரு எழுத்துகூட மாறாது. இணைப்புக்கு எந்தக் கட்டணமுறை தன்னிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை, 'கணக்கிடு' என்று கேட்டால் உரிய தொகை வரும். பாலிமார்ஃபிசம் வந்துவிட்டது, இன்ஹெரிட்டன்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. பைத்தானில் இதற்கு வேறெதுவும் வேண்டாம். ஜாவாவில் மெத்தட்டின் பெயரை மட்டும் அறிவிக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் போதும். சி++இல் மட்டும் விர்ச்சுவல் மெத்தட் கொண்ட அடிப்படை கிளாஸ் தேவைப்படும். அங்கே விர்ச்சுவல் என்ற சொல்லை விட்டால் எந்தக் கட்டணமுறை இருந்தாலும் அடிப்படை கிளாஸின் மெத்தட்டே ஓடும் என்பதையும், அடிப்படை கிளாஸை மதிப்பாக அனுப்பினால் சப்கிளாஸின் பகுதி வெட்டுப்பட்டுவிடும் என்பதையும் ஓட்டிக் காட்டுங்கள்.

இன்ஹெரிட்டன்ஸே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இயல்பாகப் பொருந்தும் இடங்களில் முதலில் காட்டுங்கள் என்கிறோம். பைத்தானில் தவறான மதிப்புக்கான வேல்யூஎர்ரர் என்ற பிழையிலிருந்து 'ரீடிங்பிழை' என்று ஒரு சப்கிளாஸ் இரண்டே வரியில் வரும். வேல்யூஎர்ரரைப் பிடிக்கும் பழைய நிரல் இதையும் பிடிக்கும், ரீடிங்பிழையை மட்டும் தனியாகவும் பிடிக்கலாம். பயன் உடனே கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு எல்லையைக் காட்ட சதுரமும் செவ்வகமும். சதுரம் ஒரு செவ்வகம்தானே என்று சப்கிளாஸ் ஆக்கி, பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக அகலம் மாறினால் உயரமும், உயரம் மாறினால் அகலமும் மாறும்படி எழுதுகிறோம். செவ்வகம் என்று நம்பி அகலம் 5, உயரம் 4 என்று வைத்துப் பரப்பு 20 எதிர்பார்க்கும் நிரலுக்கு 16 கிடைக்கும். அடிப்படை கிளாஸை நம்பி எழுதிய நிரல் சப்கிளாஸ் வந்தால் உடையக் கூடாது என்பதை பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்தார். அந்த ஒரு கொள்கை, ஐந்து வகை வரைபடங்களைவிட மாணவருக்கு அதிகம் உதவும். ஹைப்ரிட் இன்ஹெரிட்டன்ஸுக்கு ஒரு வகுப்பு கூட அதிகம். ஃப்ரெண்ட் ஃபங்ஷனுக்கும் அப்படியே.

கிளாஸே தேவைப்படாத இடங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு சிஎஸ்வி கோப்பைப் படித்து மொத்தம் போடும் முப்பது வரி நிரலுக்கு இரண்டு ஃபங்ஷன் போதும். எதற்கெடுத்தாலும் கிளாஸ் எழுதும் பழக்கமும் ஒரு கோளாறுதான்.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. பைத்தான் 3, 2008இல் வெளிவந்த நாள் முதல் தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது, ஜாவாவும் ஏற்கும். கிளாஸுக்கு மீட்டர் என்றும், மெத்தட்டுக்குப் பதிவுசெய் என்றும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்து ஓட்டலாம். மொழியின் குறிச்சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், கீபோர்டை அடிக்கடி மாற்ற வேண்டிய தொல்லையும் உண்டு. வேலையிடத்தில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும் என்பதும் உண்மை. ஆனாலும் முதல் இரண்டு வாரம் எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்பதைக் கண்ணாலேயே பிரித்துப் பார்க்க இது பெரிய உதவி. புதியவர்கள் தடுமாறும் முதல் இடமே அதுதான்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் தேர்வு மாற வேண்டும். வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் ஆசிரியர் நடத்த முடியும், அதைத்தான் மாணவர் படிப்பார். ஊப்ஸின் அம்சங்களை விளக்குக என்ற நெடுவினாவுக்குப் பதிலாக முப்பது வரி நிரலைக் கொடுங்கள். பதினெட்டாவது வரி முடிந்ததும் நினைவகத்தில் எத்தனை ஆப்ஜெக்ட் இருக்கின்றன, ஒவ்வொன்றின் நிலை என்ன, எந்த மாறி எதைச் சுட்டுகிறது என்று வரையச் சொல்லுங்கள். விதியை மீறும் வரி ஒன்றை ஒளித்துவைத்து, அதைக் கண்டுபிடித்து எந்த கிளாஸுக்குள் எந்தச் சோதனை வர வேண்டும் என்று கேளுங்கள். தப்பான சப்கிளாஸ் மரம் ஒன்றைக் கொடுத்து, கட்டணமுறையைப் போலத் தனிப் பொருளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். திருத்துவதும் எளிது. படம் சரியா, தவறா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பக்கக் கணக்குக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

ரெக்கார்டு நோட்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பன்னிரண்டு நிரல்களுக்குப் பதில், ஒரே நிரல் பன்னிரண்டு வாரம் வளரட்டும். முதல் வாரம் டிக்‌ஷனரி, மூன்றாவது வாரம் மீட்டர், ஆறாவது வாரம் கட்டணமுறை, எட்டாவது வாரம் கோப்பில் சேமிப்பது, ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு ரீடிங்பிழையும் இன்ஹெரிட்டன்ஸும். ஒவ்வொரு வாரமும், விடை சரியா என்று சோதிக்கும் மூன்று அசர்ட் வரிகளாவது சேர வேண்டும்: 4210இலிருந்து 4475க்கு யூனிட் 265, 4000 பதிந்தால் பிழை, பிழைக்குப் பிறகும் யூனிட் 265. சீனியரின் நோட்டிலிருந்தோ சாட்பாட்டிலிருந்தோ தனி நிரலை எடுத்து ஒட்டுவது எளிது. தன் கையால் வளர்ந்த நிரலில் கேட்ட இடத்தில் மாற்றம் செய்ய, அதைப் புரிந்திருக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வில் எக்ஸ்டர்னல் கேட்க வேண்டியதும் அதைத்தான். மாணவரின் சொந்த நிரலைத் திறக்கச் சொல்லி இருபது நிமிடம் கொடுங்கள். பழுதான மீட்டரை நடு மாதத்தில் கழற்றிப் புதியது மாட்டுகிறார்கள்; பழையதன் கடைசி ரீடிங் 4475, புதியது 12இலிருந்து தொடங்குகிறது; அந்த மாத பில்லில் இரண்டின் யூனிட்டும் சேர வேண்டும். ரீடிங் இறங்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தாமல் இதைச் செய்யச் சொல்லுங்கள். ரீடிங்கை 12 ஆக்க மீட்டருக்குள் புதிதாக ஒரு வழி திறந்தாரா, இணைப்பிடம் இரண்டாவது மீட்டர் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தாரா என்று பாருங்கள். இரண்டாவதைச் செய்தவருக்கு முழு மதிப்பெண். முதலாவதைச் செய்தவரிடம் 4000 பதிந்து காட்டச் சொல்லுங்கள், என்ன நடக்கிறது என்று அவரே பார்த்துத் திருத்த இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள்.

இந்த வரிசையில் ஒரு செமஸ்டர் நடத்திப் பார்க்க முன்வரும் துறைகளுக்கு மாதிரி வினாத்தாளும் வாரவாரியான லேப் தாள்களும் எழுதித்தர நாங்கள் தயார்.

அன்புடன்,
நிரல் எழுதுவதையும் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட சிலர்